யார் வீட்டுக்கு யார் விருந்தாளி? – காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றி ஒரு குறிப்பு

இசைன்னா எனக்கு கிடார்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பொறியியல் கல்லூரி விடுதியில் அது முடிவாகிவிட்டது. ஒரு பிங்க் ஃப்ளாய்ட் கேசட்டை நாடா தேயும் வரை கேட்டிருக்கிறேன். ஆனால் கம்மாபுரத்தில் சாவு விழுந்தால் கேட்கும் பறை, என் கணக்கில் இசையே இல்லை, அது 'சத்தம்'. இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஊர்த்தெருவில் வளர்ந்தால் தானாக வந்துவிடும்.

அந்தக் கணக்கைக் குழப்பியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. குரங்கன் என்ற தமிழ் இண்டி இசைக்குழுவில் இருந்த டென்மாவும் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர், அதில் ஒரே பெண் இசைவாணி. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து வந்த பெயர்.

அது எப்படிப்பட்ட காலம்? 2017 ஜனவரியில் மெரினா, செப்டம்பரில் அனிதாவின் மரணம், 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு. அந்த நேரத்தில் ஒரு ராக் இசைக்கலைஞர் தன் இசையைக் கலைத்துப்போட்டு மறுபடி கட்டுகிறார். எப்படிக் கட்டினார் என்பதுதான் விஷயம்.

1965-இல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சிதாரைச் சேர்த்தார்கள். அதுமுதல் ஃப்யூஷன் என்றால் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான்: கிடார் வீட்டுக்காரர், நம்ம ஊர் வாத்தியம் விருந்தாளி. வந்து நாலு வரி வாசித்துவிட்டுப் போய்விடும். இங்கே அது தலைகீழ். ராக் வழக்கமாக நாலாக நடக்கும். சாவுக்கூத்து அடி பெரும்பாலும் ஆறாக உருளும். சட்டியும் பறையும் உருளுகிற வீட்டுக்குள் டிரம்ஸும் கிடாரும் இடம் கேட்டு வந்து உட்கார்கின்றன. கானாவே சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த இசை என்பதால், அந்தப் பாடகர்கள் யாருக்காகவும் குரலைத் திருத்திக்கொள்ளவில்லை.

சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-இல் இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கிற பாவனையில் உரிமை கேட்கிற பாட்டு. கோபத்தைக் கத்தலாகக் காட்டுவது ராக்கின் பழக்கம். இங்கே கோபம் நக்கலாக வருகிறது. அந்த நக்கல் கானாவின் சொத்து. 2024 நவம்பரிலும் அதற்காக அவரை மிரட்டினார்கள் என்றால், எங்கேயோ சரியாகத் தைத்திருக்கிறது.

குறையும் உண்டு. 'மகிழ்ச்சி' ஆல்பத்தின் ஒலிப்பதிவில், மேடையில் நெஞ்சில் இடிக்கிற அடி என் காதுக்குக் கொஞ்சம் சுத்தமாகிவிட்டது. சில பாடல்கள் கோஷத்தோடு நின்றுவிடுகின்றன. நக்கல் குறையும்போது பாட்டும் மெலிகிறது.

பெரிய கேள்வி வேறு. என்னோடு படித்த நண்பன் ஒருவன், காலனியைச் சேர்ந்தவன். அவன் அப்பா பறை அடித்தவர். அவன் தொடவே மாட்டேன் என்று விட்டுவிட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு வீடியோவை அவனிடம் உற்சாகமாகக் காட்டினேன். முழுசாகப் பார்த்தான். "நல்லாத்தான்டா இருக்கு. மெட்ராஸ்ல மேடையில அடிச்சா கலைஞன். இங்க தெருவுல அடிச்சா, அடுத்த சாவுக்கும் ஆள் அனுப்புவீங்க."

'வீங்க' என்றான். 'வாங்க' என்று சொல்லவில்லை. 

இந்தக் குழுவின் சாதனையை அந்த ஒரு வாக்கியம் குறைக்கவில்லை. எதை எதிர்த்துப் பாடுகிறார்கள் என்று எனக்கு அதுதான் புரியவைத்தது. இசை தன் வீட்டை மாற்றிக் கட்டிவிட்டது. கேட்கிற நான் இன்னும் ஊர்த்தெருவில்தான் இருக்கிறேன்.

கிளம்பும்போது அந்த வீடியோவை அனுப்பச் சொன்னான். அவன் பெண்ணுக்காம்.