வயிற்றின் ஒன்பது பகுதிகள்: கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

உடற்கூற்றியலார் வயிற்றின் முன்புறத்தை நான்கு கோடுகளால் 9 பகுதிகளாகப் பிரிக்கின்றனர். காறையெலும்புகளின் நடுவிலிருந்து கீழிறங்குவன இரண்டு. பத்தாம் விலாவின் கீழ்விளிம்பை ஒட்டியும், இடுப்பெலும்பின் மேற்புடைப்புகளை இணைத்தும் குறுக்கே செல்வன இரண்டு. உறுப்புகளின் இருப்பிடம் இக்கட்டங்களைக் கொண்டு குறிக்கப்படுகிறது. இப்பெயர்களைத் தமிழாக்கும்போது நேரும் பிழைகளுக்குச் சொல்வளக் குறைவு காரணமன்று. மூலச்சொல்லைக் கூறு கூறாகப் பெயர்க்கும் முறையே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

'வயிறு' என்னும் சொல் பல்பொருளுடையது. 'வயிறு பசிக்கிறது' என்பதில் இரைப்பையையும், 'வயிற்றில் பிறந்த பிள்ளை' என்பதில் கருப்பையையும், 'வயிற்றுப்போக்கு' என்பதில் குடலையும் அது சார்ந்து நிற்கிறது. உறுப்பையும் அஃது அமைந்த பரப்பையும் இவ்வொரு சொல்லாலேயே குறித்தால் 'வயிறு வயிற்றின் மேற்பகுதியில் உள்ளது' என எழுத நேரும். ஆகவே உறுப்புக்கு 'இரைப்பை' என்றும் பரப்புக்கு 'வயிறு' என்றும் வரையறுத்தது பொருத்தமே.

ஆனால் இவ்வரையறையே மற்றொரு பிழைக்கு வழிவிடுகிறது. 'காஸ்ட்' என்னும் அடி வரும் இடமெல்லாம் 'இரைப்பை' என்று பெயர்க்கும் பழக்கத்தில் எபிகாஸ்ட்ரியம் 'இரைப்பைமேற் பகுதி' என்றும், ஹைப்போகாஸ்ட்ரியம் 'இரைப்பைக்கீழ்ப் பகுதி' என்றும் ஆகிவிடும். கிரேக்கத்தில் 'காஸ்டர்' என்பது வயிற்றையும் குறிக்கும். பகுதிப் பெயர்களில் அப்பொருளே உரியது. இரைப்பை பெரும்பாலும் இடது விலாவின் அடியிலும் எபிகாஸ்ட்ரியத்திலும் அமைந்துள்ளது. அதனை அடுத்துக் கீழே இருப்பது குறுக்குப் பெருங்குடல். ஹைப்போகாஸ்ட்ரியமோ தொப்புளுக்கும் கீழே, சிறுகுடற் சுருள்களும் நிரம்பிய சிறுநீர்ப்பையும் கருவுற்றுப் பெருத்த கருப்பையும் காணப்படும் இடம். மாறாக, ஹைப்போகான்ட்ரியம் என்பதைக் 'குருத்தெலும்பின் கீழ்' எனக் கூறு கூறாகப் பெயர்த்தாலும் பிழையில்லை. கல்லீரலின் பெரும்பகுதி வலப்புற விலாக் குருத்தெலும்புகளின் அடியிலேயே உள்ளது. எனவே சொற்பிறப்பு வழிகாட்டுமேயன்றி முடிவு கூறாது. உறுப்பின் இருப்பிடமே உரைகல்.

'இடுப்பு' என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. இடை, கீழ்முதுகு, தொடைமூட்டுப் புறம் ஆகிய மூன்றையும் வழக்கில் அது சுட்டும். லம்பார், இலியாக் ஆகிய இரு பகுதிகளையும் 'இடுப்புப் பகுதி' என்றே பெயர்த்தால் நடுவரிசையும் கீழ்வரிசையும் ஒன்றாகிவிடும். குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பின்னர் வலப்புற இலியாக் பகுதிக்கு நகரும். சிறுநீரகக் கல்லின் வலி விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் எழுந்து கவட்டை நோக்கி இறங்குவதுண்டு. இவ்விரண்டையும் 'வலப்புற இடுப்பு வலி' என்று பெயர்த்துக் கூறினால், மருத்துவருக்கு வேண்டிய வேறுபாடு மொழிபெயர்ப்பிலேயே மறைந்துபோகும்.

திசைச் சொற்களிலும் விழிப்பு வேண்டும். 'இரைப்பையின் இடம்' என்பது அதன் இருப்பிடமா, இடப்புறமா? கலைச்சொற்களில் 'இடம்' என்பதை விலக்கி 'இடது' என்றே ஆளுதல் நன்று. வலதும் இடதும் நோயாளியின் உடலைச் சார்ந்தவை, படத்தைப் பார்ப்பவரைச் சார்ந்தவையல்ல என்பதையும் பாடநூல் வெளிப்படையாகக் கூறவேண்டும்.

மேல்வரிசைக்கு வலது விலாவடி, நடு மேல்வயிறு, இடது விலாவடி எனவும், நடுவரிசைக்கு வலது பக்கவயிறு, தொப்புள் வயிறு, இடது பக்கவயிறு எனவும், கீழ்வரிசைக்கு வலது அடிவயிறு, நடு அடிவயிறு, இடது அடிவயிறு எனவும் கொள்ளலாம். வழக்கில் 'அடிவயிறு' கீழ்வரிசை முழுவதையும் குறிப்பதால், ஹைப்போகாஸ்ட்ரியத்துக்கு 'நடு' என்னும் அடை இன்றியமையாதது. 'அடிவயிற்றில் வலப்பக்கம் வலிக்கிறது' என்று கூறும் நோயாளி கட்டத்தைச் சரியாகவே சுட்டிவிடுகிறார். கலைச்சொல் அவருடைய சொல்லிலிருந்து விலகுமாயின், அவ்விலகலுக்குத் தக்க காரணம் காட்டும் பொறுப்பு நம்முடையது.