இரத்தத்தைவிடத் தடித்த தேநீர்

எமது சஞ்சிகைகளில் கவிதைக்கு விமர்சனம் உண்டு; நாவலுக்கு உண்டு; ஒருவர் எழுதிய விமர்சனத்துக்கு மற்றவர் எழுதும் விமர்சனத்துக்கும் பக்கம் பக்கமாக இடமுண்டு. பகிடிக்கு மட்டும் இல்லை. அது கதைத்துச் சிரித்துவிட்டுப் போகும் விடயம் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2020 ஏப்ரலில் ஒரு பகிடிச் சண்டையாகத் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் பாங்கொக்கிலும் தாய்பேயிலும் யங்கூனிலும் தெருவுக்கு இறங்கிய 'பால்தேநீர்க் கூட்டணி' பற்றித் தமிழில் நாம் வாசிக்கக் கிடைத்தவை செய்திகளாகவே இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யார் யாரை எதிர்த்தார்கள் என்பது அச்செய்திகளில் இருந்தது. எந்தச் சொற்களைக்கொண்டு எதிர்த்தார்கள், அச்சொற்கள் எதைச் சாதித்தன, எங்கே சறுக்கின என்பது இருக்கவில்லை.

தொடக்கச் சம்பவம் மிகச் சிறியது. வச்சிராவிட் சிவாரீ என்ற தாய்லாந்து இளம் நடிகர், இரண்டு மாணவர்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் 'ருகெதர்' என்ற தொடரில் நடித்துச் சீனாவிலும் பெரும் இரசிகர் கூட்டத்தைப் பெற்றிருந்தவர். ஹொங்கொங்கையும் ஒரு நாடாகக் குறிப்பிட்ட சில நகரப் படங்களை அவர் விரும்பிப் பகிர்ந்துவிட்டார். உடனே மன்னிப்பும் கேட்டார். அது போதவில்லை. அவருடைய காதலியின் பழைய பதிவுகளைக் கிண்டி எடுத்தார்கள். சீனாவில் ருவிற்றர் தடைசெய்யப்பட்டது. ஆகவே அந்தத் தேசபக்தர்கள் தமது சொந்த அரசு கட்டிய மதிலைக் களவாக ஏறிக் குதித்துத்தான் அந்த அரசின் மானத்தைக் காக்க வந்து சேர்ந்தார்கள். (ஹொங்கொங்கை நாடு என்று எழுதுவதா, நகரம் என்று எழுதுவதா என்று இக்கட்டுரையை எழுதும்போது நாமும் ஒருகணம் தயங்கவேண்டியிருக்கிறது. ஒரு பெயர்ச்சொல்லுக்குள் இவ்வளவு பொலிஸ்!)

வந்தவர்கள், தமக்கு நோகக்கூடியது எதுவோ அதுவே மற்றவனுக்கும் நோகும் என்று நம்பினார்கள். தாய்லாந்து அரசாங்கத்தை இழித்தார்கள். மன்னரை இழித்தார்கள். நாடு வறிய நாடு என்றார்கள். தாய்லாந்து இளைஞர்களோ கைதட்டினார்கள். இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், நாங்கள் சொன்னால் சிறை, நீங்கள் சொன்னால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற தொனியில் பதில்கள் வந்து குவிந்தன. 2014 மே 22இல் ஆட்சியைப் பறித்த இராணுவத் தளபதியே பிரதமராக இருந்த நாடு அது. மன்னரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று 112ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியான இடத்தில், வெளியிலிருந்து வந்த வசவு ஒரு விடுதலையாகவே போய்ச் சேர்ந்தது. எய்தவனுக்குத் திகைப்பு. தன் அரசைத் தனது முகமாக நினைப்பவனுக்கு, அரசை ஏசினால் சிரிக்கிற ஒரு சனத்தை எப்படி எதிர்கொள்வது என்பது தெரியவில்லை.

ஏப்ரல் 14ஆம் திகதி பாங்கொக்கிலுள்ள சீனத் தூதரகம் ஓர் அறிக்கை விட்டது. 'ஒரே சீனா' என்பதில் மாற்றமில்லை. இந்த இணையச் சத்தங்கள் தாய்லாந்து அரசின் நிலைப்பாட்டையோ பெரும்பான்மை மக்களின் கருத்தையோ பிரதிபலிக்கவில்லை என்பது அதன் சாரம். அரசின் நிலைப்பாடு எங்களுடையதல்ல என்பதைத்தானே அந்தப் பிள்ளைகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அதிகாரத்தின் மொழி தன்னையறியாமலே பகிடிக்குள் வந்து விழும் இப்படியொரு இடத்தைத் திட்டமிட்டு எழுதும் நையாண்டி எழுத்தாளர்கள் எம்மிடம் அதிகமில்லை.

இச்சிரிப்பை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. புகலிடத்தில் எம்மவரிடையே இது ஏறத்தாழ இல்லாத குணம். எமது தரப்பில் நடந்த ஒரு கொலையை எவராவது சுட்டிக்காட்டினால், சொன்னவரின் ஊர் எது, அவருடைய தமையன் எந்த இயக்கத்தில் இருந்தார், யாரிடம் காசு வாங்குகிறார் என்று விசாரணை தொடங்கிவிடும். 'துரோகி' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக ஒரு சிரிப்பை வைக்க எவருக்கும் துணிவு வந்ததில்லை. வந்த ஒருசிலரும் பிறகு கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை.

மோதலின் நடுவே தாய்லாந்து, ஹொங்கொங், தாய்வான் ஆகிய மூன்று இடத்தவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். மூன்று இடத்திலும் தேநீருக்குப் பால் விடுவார்கள். சீனாவில் மரபாக விடுவதில்லை. கூட்டணிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் சுலோகங்களுள் எமக்கு முக்கியமாகப் படுவது, இரத்தத்தைவிடத் தடித்தது பால்தேநீர் என்பது. நீரைவிட இரத்தம் தடித்தது என்ற பழமொழியைத் திருப்பிப்போட்ட வெறும் சொல்விளையாட்டாக இதை வாசித்துவிடக் கூடாது. ஹொங்கொங்கையும் தாய்வானையும் நோக்கிப் பீஜிங் எப்போதும் வைக்கும் வாதம் இரத்த வாதம்தான்: ஒரே இனம், ஒரே குடும்பம், ஒரே முன்னோர். அந்த வாதத்தோடு தர்க்கம் பண்ணி நேரத்தை வீணாக்காமல், கடையில் எவரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு கோப்பையை அதற்கு நேரே வைத்தார்கள். நீ யாருக்குப் பிறந்தாய் என்று தேநீர் கேட்பதில்லை.

எமது மொழியில் இதை நினைத்துப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. தோழமைக்கு எம்மிடமுள்ள சொற்கள் என்ன? தொப்புள்கொடி உறவு, உடன்பிறப்பு, இரத்தத்தின் இரத்தம், மானத்தமிழன். எல்லாமே பிரசவ அறையில் தொடங்குபவை. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் பதாகையில் எழுதிக் கட்டுகிறோம். அந்த மேடையிலிருந்து பர்மியனைப் பற்றியோ குர்தியனைப் பற்றியோ ஒரு தீர்மானம் வாசிக்கப்படுவது அபூர்வம். 2009 மே 10ஆம் திகதி ரொறொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை எம்மவர்கள் மறித்தபோதும், அதே மாதங்களில் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவுபகலாக நின்றபோதும், அருகில் வந்து நிற்க விரும்பிய அந்நியன் ஒருவன் முதலில் எமது கொடியைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. பால்தேநீர்க் கூட்டணியில் நுழைவதற்கு அப்படியொரு வாசல் இல்லை. கொடி, தலைவர், அனைத்துலகச் செயலகம், ஆண்டுச் சந்தா எதுவும் கிடையாது. 2021 ஏப்ரலில் ருவிற்றர் நிறுவனம் இதற்கென ஒரு கோப்பைச் சின்னத்தை வெளியிட்டபோது, ஒரு வருடத்தில் 1 கோடியே 10 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகளில் இப்பெயர் வந்திருப்பதாகச் சொன்னது.

ஆனால் வாசலே இல்லாத வீட்டுக்குள் யாரும் வரலாம். 2020 யூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்தியப் படையினர் கொல்லப்பட்டதும் இந்தியாவிலிருந்து மசாலாத் தேநீர்க் கோப்பையும் வந்து வரிசையில் அமர்ந்தது. அக்கோப்பையை ஏந்தியவர்களில் கணிசமானோருக்கு ஜனநாயகத்தைப் பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எதிரியின் எதிரி கிடைத்த சந்தோசமே இருந்தது. காஷ்மீரில் 2019 ஓகஸ்டில் வெட்டப்பட்ட அதிவேகக் கைத்தொலைபேசி இணையம் 2021 பெப்ரவரி வரை முழுதாகத் திரும்பவில்லை என்பதை இக்கோப்பைக்காரரிடம் யார் கேட்பது? கேட்பதற்குக் கூட்டணியில் ஆளில்லை.

இதைவிட ஆழமான பிழை பெயரிலேயே இருக்கிறது. இரத்தத்தை மறுத்த கையோடு, பானத்தால் ஓர் எல்லைக்கோடு கீறப்பட்டுவிட்டது: பால் விடுபவன் நம்மவன், விடாதவன் மற்றவன். உண்மையில் உய்குர் மக்கள் பால் விட்டுத்தான் தேநீர் குடிக்கிறார்கள். திபெத்தியர் வெண்ணெய் விடுகிறார்கள். 2022 நவம்பர் 24இல் உரும்சியில் அடுக்குமாடி தீப்பற்றிப் பத்துப் பேர் இறந்தபின், ஷங்ஹாயிலும் பீஜிங்கிலும் வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பால் விடாமல் தேநீர் குடித்து வளர்ந்த ஹான் சீன இளைஞர்கள். வெற்றுத்தாள்கூட அவர்களுக்கு முன்பே வந்த ஒரு பிரதி. 2020 யூன் 30இல் ஹொங்கொங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், சுலோகம் எழுதிய துண்டுகளைக் கிழித்தவர்கள் அதேயிடத்தில் எழுதாத துண்டுகளை ஒட்டினார்கள். எதுவும் எழுதாத தாளை எல்லோராலும் வாசிக்க முடிந்தது. அந்தத் தாளில் சீனனுக்கும் இடமிருந்தது, கோப்பையில் இருக்கவில்லை.

கோப்பைக்குள் இன்னும் ஒருவர் இல்லை. ஹொங்கொங்கின் பெயர்பெற்ற பால்தேநீரை, துணிப்பையில் வடித்து வடித்துக் கடும் சாயமாக்குவார்கள். அந்தச் சாயம் பெரும்பாலும் இலங்கைத் தேயிலையிலிருந்து வருவது. கூட்டணியின் படங்கள் உச்சத்தில் இருந்த அதே 2021 மார்ச்சில்தான் மலையகத் தொழிலாளருக்கு நாட்கூலி 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. இதைப் பாங்கொக் மாணவனிடம் குற்றமாகச் சொல்லவில்லை. தேயிலைக்குப் பின்னாலுள்ள கையை எமது இலக்கியமே எவ்வளவு காலம் கழித்துப் பார்த்தது என்பது எமக்குத் தெரியும்.

2021 பெப்ரவரி 1இல் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அம்மாதம் 28ஆம் திகதி பாங்கொக், தாய்பேய், மெல்பேர்ண் ஆகிய நகரங்களில் பால்தேநீர்க் கூட்டணியின் பெயரால் மக்கள் கூடினார்கள். அன்று மட்டும் மியன்மாரில் குறைந்தது 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்றது ஐ.நா. ஹொங்கொங்கில் 47 ஜனநாயகவாதிகள்மீது குற்றம் பதியப்பட்டதும் அதே நாளில்தான். மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. கோப்பைகளை உயர்த்தும் கைகளை வரைந்த படங்கள் அழகானவை. ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு படம் என்ன செய்யும் என்ற கேள்வியை அவை எதிர்கொள்ளவில்லை. எதிர்கொள்ளக்கூடிய படம் எது என்று எமக்கும் சொல்லத் தெரியாது. மார்ச் 3இல் மொன்யுவா நகரில் சுடப்பட்டவர்களுள் க ஸா வின் என்ற கவிஞரும் இருந்தார்.

எனினும் மியன்மாரில் ஒன்று நடந்தது. அதைத்தான் அந்தத் தாய்லாந்துச் சிரிப்பின் மறுபக்கமாக நாம் வாசிக்கிறோம். 2017இல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரொஹிங்யா மக்கள் பங்களாதேசுக்குத் துரத்தப்பட்டார்கள். 2019 டிசம்பரில் ஆங் சான் சூ கீ ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் அரசின் சார்பில் வாதாடியபோது, உங்களோடு நிற்கிறோம் என்று பெருந்திரளான பர்மியர் பதாகை பிடித்தார்கள். சதி நடந்து சில வாரங்களில், இராணுவத்தின் துப்பாக்கி தம் பக்கம் திரும்பியபின், அந்தப் பெரும்பான்மையின் பிள்ளைகள் பலர் ரொஹிங்யா மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். 2021 யூன் 3இல் தேசிய ஐக்கிய அரசாங்கம், 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை நீக்குவதாக அறிவித்தது. அடி விழுந்த பிறகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களைப் பற்றித் தெரிந்த எமக்கு, அடி விழுந்த பிறகும் அப்படி எழுதாத சமூகங்களையும் தெரியும்.

இதெல்லாம் விரலால் தட்டிவிடும் மலிவான அரசியல் என்பது எமது மேசைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். பாரிஸிலிருந்து தட்டினால் மலிவுதான். பாங்கொக்கில் ஒரு முன்னாள் அரச ஊழியருக்கு, ஒலிப்பதிவுத் துண்டுகளை இணையத்தில் பகிர்ந்த குற்றத்துக்காக 2021 சனவரியில் 43 ஆண்டுச் சிறை விதித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பாதியாகக் குறைக்கப்பட்ட தண்டனை அது. ஹொங்கொங் சட்டத்தில் வெளிநாட்டு சக்திகளோடு கூட்டுச் சேர்தல் தனியான ஒரு குற்றம். தோழமைக்கே பெயர் வைத்துப் பிரிவு எழுதியிருக்கிறார்கள். 112ஆம் பிரிவின் கீழ் வழக்கிருந்த நெட்டிபோன் சனேசங்கொம் தடுப்புக்காவலில் உண்ணாவிரதமிருந்தவர். 2024 மே 14இல் இறந்துபோனார். அவருக்கு வயது 28.

பெயர் மெதுவாகத் தேய்ந்தது. ஆனால் 2025 ஓகஸ்ட் முடிவில் ஜகார்த்தாவில் அதன் பிள்ளை ஒன்று பிறந்தது என்றே சொல்லவேண்டும். பாராளுமன்ற உறுப்பினருக்கு மாதம் 5 கோடி ரூபியா வீட்டுப்படி. நகரத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அதற்கெதிரான ஆர்ப்பாட்டத்தின்போது, 28ஆம் திகதி இரவு, மோட்டார் சைக்கிள் விநியோகத் தொழிலாளியான 21 வயது அஃபான் குர்னியாவானைப் பொலிஸ் கவசவாகனம் ஏறிக் கொன்றது. அடுத்த நாட்களில் மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் தமது கைத்தொலைபேசியில் ஜகார்த்தாவைத் தெரிவுசெய்து சாப்பாட்டுக்கு ஓடர் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய விலாசம் ஒன்றும் இல்லை. இது உங்களுக்குத்தான், நீங்களே சாப்பிடுங்கள் என்று ஓட்டுநருக்கு ஒரு குறிப்பு மட்டும். தமக்கு வைத்துக்கொண்ட பெயர், தென்கிழக்காசியாவின் ஆங்கிலச் சுருக்கத்தோடு உடன்பிறந்தோர் என்ற சொல்லை ஒட்டிச் செய்தது. இரத்தம் பின்கதவால் திரும்பி வந்துவிட்டது என்று நாம் முணுமுணுக்கலாம். ஆனாலும் கோப்பையின் படம் இருந்த இடத்துக்குச் சோற்றுப் பொதி வந்திருந்தது.

அந்தக் குறிப்பை இக்கூட்டணிகள் எழுதியவற்றுள் மிகச் சிறந்ததாக நாம் கருதுகிறோம். சுலோகத்தைப்போல அது எல்லோருக்கும் எழுதப்படவில்லை. பொதியைக் கையில் வாங்கும் ஒருவருக்கு எழுதப்பட்டது. அது சொல்வதும் அதனோடு வருவதும் ஒரே பொருள். கம்பனி தன் பங்கை அதிலும் எடுத்திருக்கும் என்பது வேறு கதை. குசினியில் வேலைசெய்யும் எமக்கு ஓடர்த் துண்டுகளை வாசிப்பதே நாள்முழுதும் தொழில். வெங்காயம் வேண்டாம், உறைப்புக் குறைவு, சோஸ் தனியாக, மணி அடிக்கவேண்டாம், கதவடியில் வைக்கவும். பொதியை எடுக்கப் பின்கதவில் வந்து நிற்பவர்களில் பலர், விசா இல்லாததால் இன்னொருவன் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடும் பெடியள். மாலியிலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் வந்தவர்கள். அவர்களை நோக்கி எழுதப்பட்ட ஒரு வரி எந்தத் துண்டிலும் இன்னும் எமது கைக்கு வந்ததில்லை.