அருமை இறகில் இல்லை

சிங்கப்பூரில் சால்மன் நீந்தும் ஆறு கிடையாது. நமக்குத் தெரிந்த சால்மன் பேரங்காடிக் குளிர்பெட்டியில் துண்டுகளாகக் கிடக்கும் நார்வே மீன்தான். ஆனாலும் அந்த மீனைப் பிடிப்பதற்காக விக்டோரியா காலத்து பிரிட்டனில் இறகுகளைக் கொண்டு கட்டிய தூண்டில்களைப் பற்றி இங்கிருந்து பேச நமக்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தூண்டிலின் பக்கவாட்டில் மினுங்கும் இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழியுடையது. அந்தக் கலையின் பெயரால் களவுபோன பறவைகளில் சில, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு சேகரித்த ஒருவர் அனுப்பிவைத்தவை. பழைய தூண்டில்களை இன்று பலர் நவீனப் பொருள்களைச் சேர்த்துப் புதுப்பித்துக் கட்டுகிறார்கள். இந்தப் புதுப்பித்தலில் எது கலையைக் காக்கிறது, எது பழைய பிழையைத் தொடர வைக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கலையின் உயரத்தைச் சொல்லிவிட வேண்டும். இரும்பு முள் ஒன்றின் மேல் பட்டுநூல், வெள்ளி ஜரிகை, பல பறவைகளின் இறகு ஆகியவற்றைச் சுற்றியும் அடுக்கியும் நூலால் இறுக்கிக் கட்டுவதுதான் இந்தத் தூண்டில். ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’, பிரைஸ் டானட் 1914இல் வெளியிட்ட ‘ஹவ் டு டிரெஸ் சால்மன் ஃப்ளைஸ்’ ஆகிய இரு நூல்களும் இன்றுவரை இதன் இலக்கண நூல்களாக இருக்கின்றன. ஒவ்வொரு தூண்டிலுக்கும் ஒரு பெயர், ஒரு பட்டியல். எந்த இடத்தில் எந்தப் பறவையின் எந்த இறகு என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது ‘ஜாக் ஸ்காட்’. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைக் கட்டியவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு, இரண்டின் மேலும் ஓடும் வெள்ளி ஜரிகை. நடுவில் டூக்கான் பறவையின் மஞ்சள் நெஞ்சிறகு. தொண்டையில் புள்ளியிட்ட கினிக்கோழி இறகு. சிறகுப் பகுதியில் வான்கோழி, மயில், சாயமிட்ட அன்னம், பஸ்டர்ட், ஃப்ளோரிகன், கோல்டன் ஃபெசன்ட் எனப்படும் சீனப் பறவை ஆகியவற்றின் இழைகள். பக்கத்தில் காட்டுக்கோழி, கன்னத்தில் நீலக் கொட்டிங்கா, தலையில் மக்காவ் கிளியின் இரு இழைகள். விரல் நீளத்துக்குள் மூன்று நான்கு கண்டங்கள் அடங்கிவிடுகின்றன.

இதில் கடினமான வேலை சிறகை அமைப்பது. வெவ்வேறு பறவைகளின் இறகுகளிலிருந்து ஓரிரு இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே இறகாகத் தோன்றும்படி இணைக்க வேண்டும். பசை கூடாது. இறகிழையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகள் உண்டு. பறவை அலகால் கோதும்போது பிரிந்த இறகு மீண்டும் சேர்வது அவற்றால்தான். கட்டுபவர் இரண்டு இழைகளையும் அருகருகே வைத்து, அடியிலிருந்து நுனிவரை விரலால் மெல்ல நீவினால் மஞ்சள் அன்ன இழையும் பழுப்புப் பஸ்டர்ட் இழையும் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. தூண்டிலின் இடப்பக்கச் சிறகுக்கு ஒரு பக்க இறகின் இழைகள், வலப்பக்கத்துக்கு மறுபக்க இறகின் இழைகள் என்று பார்த்து எடுக்க வேண்டும். வளைவு மாறினால் ஒட்டாது. இதைச் செய்யத் தெரிந்தவருக்கு இறகின் உடற்கூறு விரலிலேயே படிந்துவிடுகிறது. இந்தக் கலையின் உண்மையான பெருமை இந்த அறிவுதான். இதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

குறை எங்கே தொடங்குகிறது? இறகின் அருமையையே தூண்டிலின் அருமையாக எண்ணியதில். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் இரை தேடி உண்பதில்லை. பிறகு ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது என்பது இன்றும் விவாதத்துக்குரிய கேள்வி. எதுவானாலும், அந்த இழை தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததா, பண்ணை வாத்திலிருந்து வந்ததா என்று மீன் பார்ப்பதில்லை. 20ஆம் நூற்றாண்டில் மீன்பிடிப்பவர்கள் பெரும்பாலும் விலங்கு மயிரால் கட்டிய எளிய தூண்டில்களுக்கு மாறினார்கள். மீன் அவற்றையும் கவ்வியது. ஆக, அரிய பறவையைக் கேட்டது மீன் அல்ல; பேரரசின் கப்பல்கள் கொண்டுவந்து குவித்த இறகுகளும், அவற்றை வாங்க முடிந்தவர்களின் பெருமிதமும்தான் அந்தப் பட்டியல்களை எழுதின. பெண்களின் தொப்பிக்காகப் பறவைகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட அதே காலம் அது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1921இல்தான் வந்தது.

நம் பக்கத்திலிருந்து போன கணக்கையும் பார்க்க வேண்டும். சாம்பல் காட்டுக்கோழி நீலகிரி, ஆனைமலை போன்ற தென்னிந்தியக் காடுகளின் பறவை. சேவலின் கழுத்திறகில் மெழுகு உருக்கி வைத்ததுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் பொட்டுகள் உண்டு. வேறெந்தக் காட்டுக்கோழிக்கும் இப்படி இல்லை. எண்ணற்ற சால்மன் தூண்டில்களுக்குக் ‘கண்’ ஆனது இந்தப் பொட்டுதான். அதன் கழுத்துத் தோல்கள் நெடுங்காலம் கப்பலேறிக்கொண்டிருந்தன. இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவைக்கு அரணாக நிற்கிறது. பட்டியலில் வரும் பஸ்டர்ட், ஃப்ளோரிகன் ஆகியவற்றின் இந்திய உறவினங்களான கானமயிலும் வரகுக்கோழியும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றின் வீழ்ச்சிக்குப் புல்வெளி அழிந்ததும் வேட்டையும் முக்கியக் காரணங்கள்; தூண்டிலை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பெயர்கள் இன்னும் கட்டளைபோல் பட்டியலில் அப்படியே இருப்பது கேள்விக்குரியது.

அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009 சாட்சி. அந்த ஆண்டு ஜூன் மாத இரவொன்றில், லண்டனில் இசை பயின்றுவந்த எட்வின் ரிஸ்ட் என்ற அமெரிக்கப் புல்லாங்குழல் மாணவர், டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து நுழைந்து, பதப்படுத்தப்பட்ட 299 பறவைத் தோல்களைத் திருடினார். அவர் சால்மன் தூண்டில் கட்டுவதில் இளம் வயதிலேயே பெயர் பெற்றவர். இறகுகளை அதே கலையின் ஆர்வலர்களுக்கு விற்றார். 2011இல் அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. கிர்க் வாலஸ் ஜான்சன் 2018இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

திருடுபோனவற்றில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சேகரித்த பறவைகளும் இருந்தன. வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியாருடன் தங்கி வண்டுகளையும் பறவைகளையும் சேகரித்தவர். 1862வரை மலாய்த் தீவுக்கூட்டமெங்கும் அலைந்த அவருக்குச் சிங்கப்பூர்தான் தளம். அவர் திரட்டிய 1,25,660 மாதிரிகளில் 8,050 பறவைகள். அவற்றில் பலவற்றைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தியவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் இன்றும் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதை உண்டு.

அந்தப் பறவைத் தோல்களின் காலில் கட்டியிருந்த சிறு சீட்டில் இடமும் நாளும் இருந்தன. அந்தச் சீட்டு அறுந்தால் அது வெறும் இறகுக் கொத்து. ஒரு பறவை எங்கே, எப்போது வாழ்ந்தது என்று தெரிந்தால்தான் நூறாண்டுக்கு முன் கடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது, ஓர் இனம் எங்கிருந்து மறைந்தது என்பதையெல்லாம் அதன் இறகைக் கொண்டு அறிய முடியும். நம் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பேணிக் காப்பதும் இதற்காகத்தான். ஒரு தூண்டிலின் கன்னத்துக்காக அந்த அறிவை வெட்டி எடுத்தது எந்தத் திறமையாலும் ஈடு செய்ய முடியாத இழப்பு.

இந்தப் பின்னணியில்தான் நவீன முறையை எடைபோட வேண்டும். அதன் நன்மைகள் தெளிவானவை. பண்ணையில் வளர்த்த வான்கோழி, வாத்து, சேவல் ஆகியவற்றின் இறகுகளைச் சாயமேற்றிப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனில் வளர்ப்புக் காட்டுக்கோழியின் கழுத்திறகு கிடைக்கிறது. இதனால் செல்வம் இல்லாதவரும் கற்கலாம். கலை சிலரின் கையிலிருந்து பலரின் கைக்கு வருகிறது. இழைகளை இணைக்கும் நுட்பம் துளியும் குறைவதில்லை. சாயமிட்ட வாத்திறகும் அதே கொக்கிகளால்தான் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் குறைகளும் உண்டு. ஒன்று, நெகிழி. மினுமினுப்புக்காகச் சேர்க்கும் செயற்கை இழைகளும், புற ஊதா ஒளியில் இறுகும் பிசினும் வேலையை எளிதாக்குகின்றன. ஆனால் நூல் அறுந்து தூண்டில் நீரில் விழுந்தால் அவை மக்காமல் அங்கேயே கிடக்கின்றன. பட்டும் இறகும் மக்கிவிடும். இரண்டு, இன்னும் ஆழமான குறை: மாற்று இறகை ‘மாற்று’ என்றே அழைத்து இரண்டாம் இடத்தில் வைப்பது. தொடக்கநிலைக்காரருக்குச் சேவல் இறகு, தேர்ந்தவருக்கு ‘அசல்’ இறகு என்ற படிநிலை நீடிக்கும்வரை, அந்த அசலுக்கான பசி அடங்காது. கண்காட்சியிலும் போட்டியிலும் அசல் இறகுக்குத் தனி மதிப்பு கொடுப்பவர்கள், தாங்கள் அறியாமலேயே சந்தைக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

இந்தக் கேள்வி வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமானது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படும் பல காவடிகளில் மயிற்பீலி அசைகிறது. மயில் ஆண்டுதோறும் தோகையைத் தானே உதிர்க்கும் என்பதால் இது உயிர்க்கொலை இல்லாத அழகு என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உதிர்ந்த பீலிக்கும் பறித்த பீலிக்கும் கடையில் வேறுபாடு தெரியாது. அடித்தண்டைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அதை வெட்டிவிட்டு விற்பது எளிது. இந்தியா மயிற்பீலி ஏற்றுமதிக்குத் தடை விதித்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நம் வழக்கத்தில் ஒரு நல்ல பண்பு இருக்கிறது: காவடிப் பீலியைக் குடும்பங்கள் துடைத்து, கட்டிவைத்து, ஆண்டுக்காண்டு மீண்டும் பயன்படுத்துகின்றன. பொருளை வணங்கிப் பேணும் அந்தப் பழக்கத்தைத் தூண்டில் கட்டுபவர்கள் நம்மிடமிருந்து கற்கலாம். பறவையின் பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கத்தை நாம் எல்லோருமே கற்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தக் கலைக்கு நேர்மையான ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. மெக்ரிச்சி, பிடோக் போன்ற நீர்த்தேக்கங்களில் குறிப்பிட்ட இடங்களில் மீன்பிடிக்கலாம். உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டுமே. அங்குள்ள தோமானும் பீக்காக் பாஸும் இறகுத் தூண்டிலை ஆவலோடு துரத்துபவை. ஜாக் ஸ்காட்டின் மஞ்சள் - கறுப்பு ஒழுங்கையும் இழை இணைக்கும் நுட்பத்தையும், சாயமிட்ட சேவல், வாத்து இறகில் அங்கே பயன்படுத்தலாம். அது குறைந்த தரத்து நகல் ஆகாது. அந்தக் கலை வந்துசேர வேண்டிய இடமே அதுதான்.

என் முடிவு இது: சால்மன் தூண்டில் கட்டும் கலை காக்கத் தக்கது, அதன் பழைய இறகுப் பட்டியல் காக்கத் தக்கதன்று. அதைப் படிக்கலாம், வரலாறாகப் போற்றலாம், கட்டளையாக ஏற்கக் கூடாது. இறகால் வேலை செய்யும் எவரும், தூண்டிலானாலும் காவடியானாலும், வாங்கும் இடத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எந்தப் பறவை? எப்படிக் கிடைத்தது? விடை கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். கண்காட்சி நடத்துவோர், ஒவ்வொரு தூண்டிலின் அருகிலும் இறகின் மூலத்தை எழுதி வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். பரிசை விரல் வேலைக்குக் கொடுங்கள், பறவையின் அருமைக்குக் கொடுக்காதீர்கள்.