களச்செய்தியும் பெண்வாழ்வும்: இராஜம் கிருஷ்ணனின் இரு படைப்புகள்

நேரில் கண்டும் கேட்டும் தொகுத்த செய்திகளைக் கதைவடிவில் தருவது இதழியலுக்கும் இலக்கியத்திற்கும் இடைப்பட்டதொரு முறையாகும். தமிழில் பெண்வாழ்வை எழுதுவதற்கு இம்முறையைத் தொடர்ந்து கையாண்டவர் இராஜம் கிருஷ்ணன் (1925–2014). 'செய்தி மிகுதி, கலை குறைவு' என அவர் படைப்புகள்மீது குறை கூறுவாருளர். அக்குறை எத்துணைப் பொருந்தும் என்பதை இரு படைப்புகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

'கரிப்பு மணிகள்' (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் நாவல். அளத்து வெயில், உவர்நீர், குறைந்த கூலி ஆகியவை களத்தில் திரட்டப்பட்ட செய்திகளே. ஆயின், பொன்னாச்சி என்னும் இளம்பெண்ணின் வாழ்வில் அவை வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. கூலிக்காக அளத்திற்குச் செல்லும் அவள் அங்குப் பாலியல் கொடுமைக்கும் ஆளாகிறாள். உழைப்புச் சுரண்டலும் பாலியல் சுரண்டலும் இருவேறு செய்திகள் அல்ல, ஒரே உடலின்மீது நிகழ்வன என்பதை நாவல் புலப்படுத்துகிறது. புள்ளிவிவரத்தால் உணர்த்தவியலாத தொடர்பு இது. பாத்திரங்களின் பேச்சு ஆசிரியர் கூற்றாக மாறும் இடங்களில் மட்டும் மேற்கூறிய குறை பொருந்துகிறது.

'பாதையில் பதிந்த அடிகள்' (1991) வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. இது தஞ்சைப் பகுதி விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளின் வாழ்க்கையைத் தழுவியது. அந்தணக் குடும்பத்துக் கைம்பெண்ணான அவர், முடியைக் குறுக வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து இயக்கப்பணி ஆற்றியவர். அவரை அறிந்தோரின் நினைவுகளைத் தேடித் தொகுத்தே ஆசிரியர் இதனைப் படைத்தார். இங்குச் செய்தி திரட்டுதல் மறதிக்கு எதிரான செயலாகிறது. எனினும், நினைவில் பெற்ற செய்தியும் புனைந்த காட்சியும் பிரித்தறிய இயலாதவாறு கலந்திருத்தலின், இந்நூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும்.

எனவே, செய்தியின் அளவைக் கொண்டு இப்படைப்புகளை மதிப்பிடுதல் பொருந்தாது. அச்செய்தி ஒரு பெண்ணின் அனுபவமாக மாறியுள்ளதா என்பதே வினா. பொன்னாச்சியிடம் அது பெரிதும் நிகழ்ந்துள்ளது. மணியம்மாளைப் பொறுத்தவரை, அச்செய்திகளைத் தேடித் தொகுத்ததே பெண் வரலாற்றுக்குக் கிடைத்த பேறாகும்.