டோனி கிரெகரி: ஒற்றை ஓட்டுக்கு என்ன விலை?

அயர்லாந்தின் டோனி கிரெகரியைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவரை ஏழைகளின் காவலர் ஆக்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் பேரம் பேசியவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் கதைச் சுருக்கம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1979ல் டப்ளின் மாநகராட்சி உறுப்பினர். பிப்ரவரி 1982 தேர்தலில் டப்ளின் சென்ட்ரல் தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்து டாய்லுக்குள் (அந்நாட்டுக் கீழவை) நுழைகிறார், கழுத்தில் டை இல்லாமல். மொத்தம் 166 இடம். ஃபியனா ஃபாயில் கட்சிக்கு 81தான். அதன் தலைவர் சார்லஸ் ஹாஹி பிரதமராக, வெளியே இருந்து சில ஓட்டுகள் வேண்டும். கிரெகரி பட்டியலை நீட்டினார்: வீடுகள், வேலைகள், துறைமுகத்தை ஒட்டிய 27 ஏக்கர் நிலம், கிளோண்டால்கின் காகித ஆலையை அரசே எடுத்து நடத்துவது. 10 கோடி பவுண்டுக்கு மேல் போகும் என்று கணக்குப் போட்டார்கள். ஹாஹி கையெழுத்துப் போட்டார்.

ஒரு தொகுதிக்காக நாட்டின் கஜானாவையே திறப்பதா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கிரெகரி அந்த ஒப்பந்தத்தை ஒளித்து வைக்கவில்லை, சபையிலேயே வாசித்தார். 1997ல் பெர்ட்டி அஹெர்ன் சுயேச்சைகளோடு செய்துகொண்ட ஏற்பாடுகள் வெளியிடப்படவே இல்லை. பின்னால் வந்தவர்கள் பேரத்தை எடுத்துக்கொண்டு வெளிப்படைத்தன்மையை விட்டுவிட்டார்கள். அதற்கும் சேர்த்து கிரெகரியைத் திட்டுவது என்ன நியாயம்?

என் விமர்சனம் வேறு இடத்தில். எங்கள் தொழிலில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெய்லியர்' என்போம்: ஒரே ஒரு இடம் பழுதானால் மொத்தமும் படுத்துவிடும். இந்த ஒப்பந்தம் அப்படிப்பட்டது. ஹாஹி நாற்காலியில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அதே நவம்பரில் அரசு கவிழ்ந்தது, பல வாக்குறுதிகள் காகிதத்தோடு நின்றுபோயின. கஸ்டம் ஹவுஸ் துறைப் பகுதியில் பின்னால் எழுந்தது சர்வதேச நிதிச் சேவை மையம். அக்கம்பக்கத்து ஏழைகள் கேட்டது அதுவா?

இன்னொரு பக்கம் பாருங்கள். ஹெராயின் வியாபாரிகளுக்கு எதிராகத் தெருவில் நின்றார். நடைபாதை வியாபாரிகளுக்காகப் போராடி மவுண்ட்ஜாய் சிறைக்கே போனார். போதைப் பணத்தில் சேர்த்த சொத்தைப் பறிக்கணும் என்று விடாமல் பேசினார். 1996ல் குற்றச் சொத்து முடக்கப் பிரிவு உருவானது. அது அவர் ஒருவரின் சாதனை இல்லை; பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் கொலைக்குப் பிறகு எழுந்த கோபமே நேரடிக் காரணம். ஆனாலும் சட்டமாக வந்ததால், எத்தனை ஆட்சி மாறியும் நிற்கிறது.

பேரத்தில் கிடைத்தது சில மாதம், சட்டத்தில் கிடைத்தது பல காலம். அப்படியானால் 1982ல் அவர் வேறு என்ன கேட்டிருக்கலாம்? வீட்டு எண்ணிக்கையோடு, அடுத்த அரசும் தட்டிக்கழிக்க முடியாத ஒரு வீட்டுரிமைச் சட்டத்தையும் கேட்டிருக்கலாம். ஒற்றை ஓட்டுக்காரருக்குக் காலம் குறைவு, தொகுதியில் பசி அதிகம் என்பதும் புரிகிறது. 2009 ஜனவரியில் இறக்கும்வரை அந்தத் தொகுதி எட்டுத் தேர்தலிலும் அவரைக் கைவிடவில்லை. அவர்கள் கணக்கு வேறு: கேட்டது முழுசாக வரலைன்னாலும், கேட்க ஒரு ஆள் இருந்தார்.