டிரம்முக்குள் ஓர் உரசல்

காட்டுப்பள்ளிப் பக்கம் மீன் ஏற்றும் குட்டியானை வண்டிகளின் பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றுவதே தனி வித்தை. உப்புக்காற்றில் துருவேறி, ஹப்போடு ஒட்டிக்கிடக்கும். கைதேர்ந்த மெக்கானிக் ஓங்கி அடிக்கமாட்டார். எண்ணெய் விட்டு, சுற்றிச்சுற்றித் தட்டுவார். மந்தமான ‘டொக்’ திடீரென்று ‘டிங்’ ஆகும், டிரம் இளகிவிடும். உள்ளே கறுப்புத்தூளும் நைஸான மணலும். அதை ஊதாமல் தண்ணீர்விட்டுக் கழுவுகிறவரைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை. அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

கண்ணாடியாய் வழவழத்துப்போன லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தால் சொரசொரப்பு திரும்பும். சிலிண்டர் ரப்பரைத் தூக்கிக் கசிவு பார்ப்பார். பிறகு அட்ஜஸ்டரைப் பல் பல்லாகத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காது கொடுப்பார். ‘ஸ்ஸ்’ என்று லேசாக உரசவேண்டும், பிடிக்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல உரசாவிட்டால், மீஞ்சூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக் மிதிக்கையில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.