பொதுக் கூரையும் தனி மேசையும்: கொழும்பின் பகிர்வுப் பணியகங்கள் பற்றிய சில குறிப்புகள்

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவு நமது திறனாய்வாளரிடையே நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட பொருளாகும். கவிதையையும் நாவலையும் நோக்கி எழுப்பிய அவ்வினாவை மனிதர் உழைக்கும் அறையையும் அங்குள்ள கதிரை, மேசையையும் நோக்கி எழுப்பலாமா? எழுப்பலாம் என்பதே எமது கருத்து. அறையை அமைத்தவர் யார், அதில் அமர்பவர் யார், அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பவற்றை ஆராயாது அதன் அழகை மட்டும் வியத்தல், புரவலனை மறந்து பாட்டை மட்டும் சுவைக்கும் வெற்று இரசனைவாதத்தின் பாற்படும்.

‘கோ-வேர்க்கிங்’ என வழங்கும் பகிர்வுப் பணியகம், இன்றைய வடிவில் 2005இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியதென்பர். 2010இல் நியூ யோர்க்கில் தொடங்கிய ‘வீவேர்க்’ நிறுவனம் 2019 சனவரியில் 4,700 கோடி டொலர் பெறுமதியுடையதென மதிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அதுவே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த மாடிகளை மாதக் கணக்கிலும் நாட் கணக்கிலும் கூறுபோட்டு விற்பதே அதன் வணிகம். இவ்வலை கொழும்பையும் எட்டியது. கோட்டையில் உருவான ‘ஹட்ச்’ இங்கு பலரறிந்த எடுத்துக்காட்டாகும்.

இப்பணியகங்கள் தம்மை ஒரு ‘சமூகம்’ என்றே அறிமுகஞ் செய்துகொள்கின்றன. இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கூட்டுழைப்புப் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் நுண்மையான ஓர் அவதானிப்பைத் தருகிறார். இருபது நெசவாளருக்கு ஒரு கூடம் அமைக்க ஆகும் செலவு, இவ்விருவருக்கு ஒன்றாகப் பத்துக் கூடங்கள் அமைக்க ஆகும் செலவிலுங் குறைவு. அவர்கள் ஒருவருக்கொருவர் உதவாது வெறுமனே பக்கத்திற் பக்கத்தில் இருந்து உழைப்பினும் இச்சிக்கனம் கிட்டும். அதாவது, உழைப்பு சமூகத்தன்மை பெறுமுன்னரே உழைப்புச் சாதனங்கள் அத்தன்மையைப் பெற்றுவிடலாம். பகிர்வுப் பணியகத்தின் இலக்கணம் இதுவேயாகும். கூரை பொது, இணையம் பொது, கோப்பி இயந்திரமும் பொது. உழைப்போ தனித்தனி. ஒருவர் இலண்டன் நிறுவனமொன்றின் கணக்கைச் சரிபார்ப்பார். அருகிலிருப்பவர் சிட்னிக் கடையொன்றின் விளம்பரத்தை வரைவார். மார்க்ஸ் கூறிய சிக்கனத்தின் பயனைப் பெற்ற முதலாளி, கூடத்தின் செலவையேனும் தாமே ஏற்றார். இங்கு அச்செலவும் உழைப்பவர் தலையிலே பொறிக்கிறது. வீட்டையும் விளக்கெண்ணெயையும் தன் செலவிற் கொண்டு வணிகனுக்கு நெய்து கொடுத்த பழைய குடிசை நெசவாளனின் நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

நெசவாளர் என்றதும் வெள்ளவத்தை நினைவுக்கு வருவது இயல்பு. வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று. தொழிலாளரிற் கணிசமானோர் மலையாளிகள். ஏ. ஈ. குணசிங்க அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார், கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் தலைமையேற்றனர். இரண்டாண்டுகளின் பின், 1935இல், லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று. ஒரு கூரையின் கீழ், ஒரே முதலாளிக்கு, ஒரே சங்கொலிக்கு உழைத்தோர் தம்மை ஒரு வர்க்கமாக உணர்வதற்கு அக்கூடம் களமாயிற்று. பகிர்வுப் பணியகத்தில் கூரை உண்டு; பொது முதலாளி இல்லை. கூலிகுறைப்புக்கு எதிராகக் கோரிக்கை எழுதினால் அதனை எந்த முகவரிக்கு அனுப்புவது?

இப்பணியகங்களின் தளபாட அழகியல் பூசப்படாத செங்கற் சுவர், மறைக்காத குழாய், சங்கிலியில் தொங்கும் இழைவிளக்கு, பொதிப்பலகையில் அறைந்த மேசை என்பவற்றை விரும்புவது. சான் பிரான்சிஸ்கோவிலும் பெர்லினிலும் கைவிடப்பட்ட ஆலைகளுக்குள் குடிபுகுந்தோர் வறுமையினாற் கைக்கொண்ட பாணி இது. கொழும்பிலோ புதிய கொங்கிறீற்று மாடியில் செங்கல் ஒட்டி அதே தோற்றம் வருவிக்கப்படுகிறது. மெய்யான ஆலையும் அதன் தொழிலாளரும் இருந்த நகரில், தொழிலாளரற்ற ஆலை அலங்காரமாய்த் திரும்பி வருகிறது. உள்ளடக்கம் நீங்கிய உருவம் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணத்தை நாம் இலக்கியத்திற் கண்டதில்லை.

பகிர்ந்த இடம் எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வாசிகசாலை வாங்குகள் யாவருக்கும் உரியவை. (குழல்விளக்கின் வெளிச்சத்தில் பாதியை அன்பளித்தவரின் பெயர் மறைத்துவிடும் என்பது வேறு கதை.) 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இம்மரபின் தலைநகர் வடிவம். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மலிந்த ‘கொமியூனிகேஷன்’ கடைகளையும் இங்கு சேர்த்தெண்ண வேண்டும். தொலைபேசி, தட்டச்சு, பிரதியெடுப்பு அனைத்தும் ஒரு சிற்றறையில். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருந்தோர் பலர் லொட்ஜ் வாசிகள். 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாட் கணக்கில் வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒருவரது உரிமை எவ்வளவு மெலிந்தது என்பதை அந்த அதிகாலை காட்டிற்று. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரை நினைத்தவாறு வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தியது. பகிர்வுப் பணியகமோ தன்னிடம் வருவோரை வாடகையாளர் என அழைப்பதில்லை, ‘அங்கத்தவர்’ என்கிறது. இன்சொல்லாகத் தோன்றும் இப்பெயர் சட்டப் பாதுகாப்பைக் களையும் பெயருமாகும்.

எனினும், அங்கு செல்வோரை நாகரிக மோகத்தினர் என ஒதுக்குதல் அநீதி. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஈரறை வீட்டில் பெற்றோர், பிள்ளைகள், தொலைக்காட்சி, சமையல் எல்லாவற்றுக்கும் நடுவே பிறநாட்டு வாடிக்கையாளருடன் பேசவேண்டிய பெண்ணுக்கு மூடக்கூடிய ஒரு கதவு ஆடம்பரமன்று. 2022 மார்ச் 31ஆந் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாட்களில் பணியகத்தின் மிகச் சிறந்த தளபாடம் மின்பிறப்பாக்கியே. ரூபா வீழ்ந்துகொண்டிருக்கையில் டொலரில் உழைப்பைப் பேணவும் அவ்விருக்கை வேண்டியிருந்தது.

ஆகவே எமது மறுப்பு பகிர்வின் மீதன்று, அதன் உடைமை முறையின் மீதே. நல்ல அமைப்பு எது என்பதில் பெரிய மறைபொருள் இல்லை. எட்டு மணித்தியாலம் முதுகைத் தாங்கும், உயரம் மாற்றக்கூடிய கதிரை. படமெடுப்பதற்கு உகந்த பலகை வாங்கு அன்று. தொலைபேசியிற் பேசுவோருக்கு ஒலியடங்கிய சிறுகூடு. மரைன் டிரைவை நோக்கிய கண்ணாடிச் சுவர் பிற்பகல் வெயிலை உள்ளே கொணர்ந்து வளிச்சீராக்கியின் செலவைப் பெருக்கும். கரையோரப் புகையிரதத்தின் ஓசையும் அவ்வழியே வரும். உப்புக்காற்று இரும்புக் கால்களை அரிக்கும். மரத்தாலான யன்னலடைப்பும் மொறட்டுவைத் தச்சரின் மேசையும் அங்கு கூடுதற் காலம் நிற்கும்.

இவற்றுக்கான கூடங்களும் இல்லாமலில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சபைகளின், சங்கங்களின் மண்டபங்கள் பல விழாவும் திருமணமுமற்ற பகல்களில் பூட்டிக் கிடக்கின்றன. மேசை, மின்செருகி, இணையம், மின்பிறப்பாக்கி என்பவற்றை அங்கு நிறுவி, பயன்படுத்துவோர் குழுவே மாதக் கட்டணத்தையும் விதிகளையும் தீர்மானிப்பதற்குக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே வழியுண்டு. சபைகளின் நிருவாகத்தினர் இதற்கு இணங்குவரா என்பது வேறு; வாடகை தரும் திருமண வீட்டாரை விடுத்து மாலையிலும் கணினியோடு அமர்ந்திருக்கும் இளைஞரை அவர்கள் விரும்புவரெனச் சொல்வதற்கில்லை. அந்த வாக்குவாதம் மண்டபத்தின் பொதுக்கூட்டத்தில், அங்கத்தவர் என்ற சொல்லுக்கு வாக்குரிமை என்னும் பொருள் உள்ள இடத்தில், நிகழவேண்டியது.